இடப்பக்கம் மூடுகிற ஊர்

ஜூன் 12

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் சுண்டுவும் சுகம். பயண அலுப்பு தீர்ந்ததா, அந்த ஊர்க் காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நீ ரயிலேறிய மறுநாளே உனக்கு மாற்று ஆள் வந்து இறங்கிவிட்டார். ஐம்பது வயது இருக்கும். அந்த ஊரில் முப்பது வருஷமாக வால்வு திறந்து மூடுகிறவராம். நம் தண்ணீர் வாரியத்தில் ஏழு மாதம் இருந்து வேலை பழகிக்கொண்டு போக வேண்டுமாம். உன்னை அவர் வீட்டில் தங்கவைத்துவிட்டு அவரை நம் முன்னறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதிர்வீட்டு டீச்சர் வந்து, இது என்ன ஏற்பாடு என்று கேட்டாள். "ரெண்டு ஊர் தண்ணி வாரியமும் சம்பந்தி ஆயிருக்கு. நாங்க பொண்ணு குடுத்து மாப்பிள்ளை எடுத்திருக்கோம்" என்றேன். மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை என்பதையும் சொன்னேன். அவர் என்னை அக்கா என்கிறார், நான் தம்பி என்கிறேன். பாதகமில்லாத மனிதர்.

பெரிய வாரியம் சின்ன வாரியத்துக்குக் கைகொடுக்கிறது என்று பேப்பரில் வந்திருந்தது. உன் படம் இல்லை. அதிகாரிகள் கைகுலுக்கிக்கொள்கிற படம்தான். அந்தக் கைகள் கடைசியாகக் குழாயைத் தொட்டது எந்தக் காலத்திலோ. என் மகன் போன பிறகு அவன் வேலையை உனக்குக் கொடுத்தபோது இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள்தான் எல்லாரும். இன்றைக்கு நாலே வருஷத்தில், குழாய் ஒழுகலைக் கேட்டே பிடிக்கிற உன் காதை நம்பி ஊர் விட்டு ஊர் அழைக்கிறார்கள். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து சுண்டு இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அம்மா உள்ளதான் இருக்கா, வெளிய வரச் சொல்லு" என்று அழுதாள். ஐந்து வயதுக்கு அது தாங்காது. கொஞ்ச நாள் போன் வேண்டாம். எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் வாசிப்பை இந்தத் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை.

காதில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். உன் சொத்து அதுதான்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். வந்த நாள் முதல் இருந்த தலைவலி உங்கள் எழுத்தைப் பார்த்ததும் போய்விட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? துணி காயப்போட மாடிக்கு ஏறாதீர்கள். கீழேயே கொடி கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கிவிடுகிறது. கடைக்காரர், காவல்காரர், தெருநாய் எல்லாம். கதவுகள்கூடத் தூங்குகிற மாதிரிதான் இருக்கிறது. ஒரு வண்டி ஓடாது. அந்த நேரம்தான் எனக்கு வேலை. இரும்புக் கோலைக் குழாயின் மேல் ஊன்றி, அதன் தலையில் இருக்கிற மரக் கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒழுகுகிற இடமென்றால் சீறும். ஒழுகாத இடத்தில் தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரிதான் கேட்கும். நேற்று அப்படிக் கேட்டுக்கொண்டே நின்றதில் எனக்கும் கண் சொருகிவிட்டது போல. பக்கத்து அறையில் யாரோ என்னைப் பற்றி மெதுவாகப் பேசுகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நம் ஊரில் வால்வை வலப்பக்கம் திருப்பினால் மூடும். இந்த ஊரில் இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். முதல் வாரம் ஒரு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறேன் என்று நினைத்து இறுக்கி மூடிவிட்டு வந்துவிட்டேன். ஒரு அம்மாள் காலிக் குடத்தோடு ஆபீஸுக்கே வந்து, "பெரிய ஊர்லேருந்து வந்து இருக்கற தண்ணியையும் சுருட்டிட்டியா" என்று கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே என்னை வீட்டுக்கு அழைத்துப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வேலை இதுதான். மேட்டுத் தொட்டியிலிருந்து மூன்று பங்கு தண்ணீர் இறங்குகிறது. வீடுகளுக்கு இரண்டு பங்குதான் போய்ச் சேருகிறது. மீதி ஒரு பங்கு எங்கே போகிறது என்று இருபது வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிழக்குப் பகுதிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். காணாமல் போகிற அந்தப் பங்கை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுண்டு என்னைப் பற்றி என்ன கேட்கிறாள்? அவள் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுங்கள். அம்மா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள் என்று சொல்லுங்கள்.

உங்கள்
மருமகள்


ஜூலை 22

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் வந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை, நன்றாகவே இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்னால் சொல்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் வேடிக்கையைப் படித்துச் சிரித்தேன். இங்கே நடந்ததைக் கேள். போன வாரம் நம் கடைத்தெருவில் குழாய் மாற்றினார்கள். குழிக்குள் என்ஜினியர் இறங்கி நிற்கிறார். நம் தம்பி மேலே வால்வுச் சாவியோடு நிற்கிறார். "மூடுய்யா" என்றாராம் என்ஜினியர். தம்பி முப்பது வருஷப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டார். என்ஜினியர் தொப்பலாக நனைந்து, கண்ணாடி ஒரு பக்கம் பேனா ஒரு பக்கமாக வெளியே வந்தாராம். தம்பி இங்கே வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "என் கை தப்பு பண்ணலைக்கா. ஊரு மாறிப்போச்சு, அது கைக்குத் தெரியல" என்றார். சுண்டுதான் அவருடைய வலது கையில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு, "இது மூடற கை" என்றாள். அதோடுதான் இப்போது வேலைக்குப் போகிறார்.

சுண்டு சுகம். முன்பல் ஒன்று விழுந்தது. ஒரு கிலோ கூடியிருக்கிறாள். பள்ளியில் அவள்தான் வரிசைக்கு முதலில் நிற்கிறாளாம். அது என் ரத்தம்.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. நம் வீட்டுத் தரை கண்ணாடியாக இருக்கிறது. அடியில் பச்சையாகத் தண்ணீர் ஓடுகிறது. அதற்குள் நீ கோலை ஊன்றிக்கொண்டு நடந்து போகிறாய். நானும் சுண்டுவும் மேலே நிற்கிறோம். அவள் குனிந்து தரையைத் தட்டுகிறாள். உன் காது அவ்வளவு கூர்மை, ஆனாலும் நீ நிமிரவேயில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

உடம்பைக் கவனி.

அத்தை


ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பது தெரிந்து நிம்மதி. ஆனால் நீங்கள் எழுதியது பல்லும் எடையும். நான் கேட்டது வேறு. என்னைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்பதில்லையா?

இங்கே என்னைக் 'காதுக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் மரியாதையாக. இப்போது அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டல் சேர்ந்துவிட்டது. தொட்டியிலிருந்து கிழக்குக் கோடி வரை ஒவ்வொரு தெருவும் கேட்டாயிற்று. சின்னச் சின்ன ஒழுகல் பதினேழு பிடித்து அடைத்தேன். எல்லாம் சேர்ந்தும் அந்தப் பெரிய பங்கில் ஒரு செம்புகூட வராது. அவ்வளவு தண்ணீர் போகிற இடம் அலற வேண்டும், அத்தை. எங்கே காதை வைத்தாலும் அதே அமைதியான மூச்சுத்தான்.

அக்டோபருக்குள் வழி தெரியாவிட்டால் இந்த ஒப்பந்தம் எதற்கு என்று மேலாளர் கேட்டுவிட்டார். கத்தவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். கிழக்குப் பகுதி ஜனங்கள் அதைவிட மெதுவாகப் பேசுகிறார்கள். "பரவால்லம்மா, எங்களுக்குப் பழகிப்போச்சு" என்கிறார்கள். திட்டினால்கூடத் தாங்கலாம் போலிருக்கிறது.

நான் தங்கியிருக்கிற வீட்டு அக்கா, உங்கள் தம்பியின் மனைவி, தினமும் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் சாப்பாடு எடுத்து வைக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யட்டுமா? ஐந்தே நிமிஷம். சுண்டுவுக்கு அம்மாவின் முத்தம்.

மருமகள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் ஞாயிறு தாண்டித்தான் கைக்கு வந்தது. போன் வேண்டாம். இப்போதுதான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறாள். பள்ளியில் பரீட்சை வேறு. நீ திரும்ப இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, அதற்குள் எதற்கு.

பழகிப்போச்சு என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு மனம் தளராதே. பழகிப்போனது என்று சொல்கிறவர்களுக்குத்தான் தாகம் அதிகம்.

தம்பி இப்போது நம் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். நேற்று தெருமுனையில் நம் வீட்டு வால்வுக் குழியின் மூடியைத் துடைத்துவிட்டு வந்து ஒரே பெருமை. "உங்க ஊர்ல மட்டும்தான் இந்த வால்வுன்னு நினைக்காதீங்கக்கா. எங்க ஊர் பழைய மில் வாசல்லயும் ஒண்ணு இருக்கு. இதே வட்டம், உள்ள இதே நட்சத்திரம். மில்லுக்காரங்க அந்தக் காலத்துல உங்க ஊர் பட்டறையிலேருந்துதான் வரவழைச்சிருக்காங்க" என்றார். மில்லை இருபது வருஷத்துக்கு முன் மூடியபோது அந்த வால்வையும் இவர்தான் மூடினாராம். வருஷா வருஷம் போய் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வருவாராம். நம் ஊர்ச் சரக்கு அங்கேயும் உழைக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். நீ அந்தப் பக்கம் போனால் அதைப் பார்த்துவிட்டு வா. சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள்.

அத்தை


செப்டம்பர் 10

என் அன்புக்குரிய அத்தைக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் இந்தக் கடிதத்தின் கடைசியில். முதலில் இதைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆபீஸுக்கு ஓடினேன். மத்தியானம். மேலாளர் மேசையில் தலைசாய்த்திருந்தார். எழுப்பி, மில் வாசல் வால்வைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். "அது இருபது வருஷமா இறுக்கி மூடிக் கிடக்கு. இன்னும் தொட்டா உடைஞ்சிரும்" என்றார்.

"எந்தப் பக்கம் இறுக்கினீங்க?"

"எங்க ஊர்ல எந்தப் பக்கம் இறுக்குவோம்? இடப்பக்கம்தான்."

"அது எங்க ஊர் வால்வு சார். வலப்பக்கம்தான் மூடும். நீங்க இருபது வருஷமா அதை மூடலை. திறந்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எப்படி எழுதுவேன். கனவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்தார்.

மில் வாசலில் இடுப்பளவு புல். மூடியைத் துடைத்தால் வட்டம், உள்ளே நட்சத்திரம். நம் தெருமுனையில் நிற்கிற மாதிரியே இருந்தது. நாலு பேர் சாவியைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார்கள். நான் தரையில் உட்கார்ந்து கோலில் காதை வைத்தேன். இருபது சுற்று வரை ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் யாரோ துணி கிழிக்கிற மாதிரி. பிறகு சீறல். முப்பதாவது சுற்றில் அலறல். முப்பத்திரண்டில் சட்டென்று நின்றது. அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதேயில்லை, அத்தை.

இத்தனை மாதம் எனக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. முழுசாகத் திறந்து கிடக்கிற குழாயில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். இடுக்கில் நுழையும்போதுதான் கத்தும். நான் கத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மில்லுக்குப் பின்னால் ஒரு ஓடை. வற்றாத ஊற்று என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அது மறுநாள் நின்றுவிட்டது. அங்கே தூண்டில் போடுகிற இரண்டு கிழவர்களுக்கு மட்டும் என் மேல் கோபம். கிழக்குப் பகுதிக்கு இப்போது தினமும் தண்ணீர். அன்று குடத்தோடு வந்த அம்மாள் குழாயைத் திறந்துவிட்டு, மூடாமல், ஒன்றும் பிடிக்காமல், சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை. நீங்களும் உங்கள் தம்பியும்தான். மேலாளரிடமும் அப்படித்தான் சொன்னேன். தம்பியைக் கோபிக்காதீர்கள், அவர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தவர்.

இனி இங்கே என் வேலை முடிந்த மாதிரிதான். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால்? சுண்டுவுக்கு அம்மாவின் நூறு முத்தம்.

மருமகள்


அக்டோபர் 6

மருமகளுக்கு,

சுகம். உன் சுகமும் கேள்விப்பட்டேன்.

உன் கடிதத்தை எதிர்வீட்டு டீச்சரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். என் கடிதத்தால்தான் தண்ணீர் வந்தது என்ற இடத்தை மூன்று முறை. தம்பி அன்றைக்கு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். "இருபது வருஷம்க்கா. என் கையால" என்றார். சுண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

போன வாரம் அவர் மனைவியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. டீ குடித்துக்கொண்டே வாசித்தவர், "உங்க மருமக இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கப்போறாங்களாமே, எட்டுப் பொண்ணுங்களுக்குக் காது வேலை சொல்லிக்குடுக்க. வாரியத்துல வீடு குடுக்கறாங்களாம், பக்கத்துலயே பள்ளிக்கூடமாம்" என்றார்.

எனக்குத் தெரியுமே என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அத்தை


அக்டோபர் 14

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் கோபத்தில் இருக்கும்போது எழுத்து இன்னும் அழகாகிவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

மறைக்க நினைக்கவில்லை. செப்டம்பர் கடிதத்திலேயே எழுத உட்கார்ந்தேன். 'அதைப் பற்றி' என்று ஆரம்பித்ததும் பேனா நின்றுவிட்டது. அவர்கள் கேட்டது உண்மை. இரண்டு வருஷம். நம் வாரியமும் சரி என்றுவிட்டது. இந்த எட்டுப் பெண்களும் கோலில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, நாலு வருஷத்துக்கு முந்தைய என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருடைய இடத்திலும் இல்லாமல் என் இடத்திலேயே நான் நிற்கிறேன். உங்கள் மகனின் வேலையில் வந்தவள் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

இருந்தால் சுண்டுவை அழைத்துக்கொள்வேன். நீங்களும் வரவேண்டும் என்பேன். வரமாட்டீர்கள் என்றும் தெரியும். நாற்பது வருஷமாக இருக்கிற வீடு, உங்கள் மகன் நடந்த தரை. சுண்டுவும் இல்லாமல் அதில் நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால் இந்த ஊரே வேண்டாம் என்றிருக்கிறது.

அதனால் உங்களிடமே விடுகிறேன். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். டிசம்பரில் வந்துவிடுகிறேன். பிறகு இதைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டேன். சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டுவுக்கு அம்மாவின் முத்தம்.

மருமகள்


நவம்பர் 20

அன்புள்ள மருமகளுக்கு,

ஐந்து வாரம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். படுக்கையில் விழவில்லை, கை முறியவில்லை. நீ நலமாக இரு.

ஒரு வார்த்தை கேட்டாய். ஒரே எழுத்து. தினமும் காகிதத்தை எடுத்து வைத்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாய். வந்தால் நான் உனக்கு எழுதாமல் விட்டதை உன் கண்ணால் பார்ப்பாய். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முடிவு வரை படி. நடுவில் கிழிக்காதே.

போன் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? முதல் வாரம் அவள் அழுதது நிஜம். இரண்டாவது வாரம் அழவில்லை. மூன்றாவது வாரம் அவளே போனை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மாகிட்ட பேசணும்" என்றாள். சார்ஜ் இல்லை என்றேன். இருந்தது.

உன்னைப் பற்றி என்ன கேட்கிறாள் என்று எழுதச் சொன்னாய். ஜூலை வரை தினமும் கேட்டாள். அம்மா குழாய்க்குள்ளேயா இருக்கா, தண்ணி திறந்தா வந்துடுவாளா என்று கேட்டாள். குழாயடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதை எழுதினால் நீ அடுத்த ரயிலில் ஏறிவிடுவாய் என்று எழுதவில்லை. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நல்ல காரணம்தான். முழுக் காரணம் இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு சிக்கியது. "அம்மா, வலிக்குது" என்றாள். தவறி வந்த சொல். உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், திட்டுவேனோ என்று. நான், "என்னம்மா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்றிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். என்னை அப்படிக் கூப்பிட்டவன் போய் நாலு வருஷமாகிறது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் திரும்பி வந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் ஒரு தடவையும் படிக்கவில்லை.

டீச்சருக்குத் தெரியும். கேட்கவில்லை. தம்பி ஒருநாள் கேட்டார். "அக்கா, பாப்பா உங்களை..." என்று ஆரம்பித்தார். சாப்பிடுங்கள் என்றேன்.

உன் காதில் ஒன்று விழாமல் நான் பார்த்துக்கொண்டேன். நாடே நம்புகிற காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், மிச்சம் வைப்பானேன்.

'வா' என்று நான் எழுத மாட்டேன். நீ அங்கே இரு. அது உன் இடம். போன திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கிளார்க் கேட்டார். பேனாவைக் கொடுங்கள் என்றேன். 'தாயிடம் போகிறாள்' என்று நானே எழுதினேன். எழுத்து கோணவில்லை.

வந்து அழைத்துக்கொண்டு போ. இரண்டு நாள் லீவு போதும். என்னிடம் நீ பேச வேண்டியதில்லை.

அத்தை


டிசம்பர் 28

மருமகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். குழந்தைக்குப் புதுத் தண்ணீர் சளி பிடிக்கும், காய்ச்சிக் கொடு.

இரண்டு நாளில் நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. ரயிலடியில், "உடம்பைப் பாத்துக்கங்க அத்தை" என்றாய். நான் அதைக்கூட எதிர்பார்த்திருக்கவில்லை. ரயில் நகரும்போது சன்னலிலிருந்து அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். உன் மடியில் உட்கார்ந்துகொண்டு. நான் கையாட்டிவிட்டேன். அது தப்பு.

தம்பியும் ஊர் திரும்பிவிட்டார். சுண்டு மாட்டிவிட்ட அந்தச் சிவப்பு வளையத்தோடேயே போனார். வீடு பெரிதாகத் தெரிகிறது. மத்தியானங்களில் உன் ஊர் மாதிரி நானும் தூங்கிவிடுகிறேன். எழுந்தால் எந்த வேளை என்று சட்டென்று தெரிவதில்லை. சுவரில் காதை வைத்தால் குழாயில் தண்ணீர் போவது எனக்கும் கேட்கிறது.

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

அத்தை


பிப்ரவரி 2

அத்தைக்கு,

நானும் சுண்டுவும் சுகம். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை உங்கள் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டீச்சர் அவருக்கு எழுதுகிறாராம்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. நவம்பர் கடிதத்தைக் கிழிக்க எடுத்து, இரண்டு தடவை திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், குழந்தைக்கு என்னை மறந்துவிட்டது என்று என்னையே நொந்துகொண்டிருப்பேன். அதையும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

வந்ததும் சுண்டு என்னை எதுவும் கூப்பிடவில்லை. 'இங்க பாரு' என்பாள். பிறகு இந்த எட்டுப் பெண்களைப் பார்த்து அவளும் அக்கா என்றாள். மூன்று வாரம் என் மகளுக்கு நான் அக்கா. எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஊரோடு அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். குழாயில் காற்று அடைத்து, தண்ணீர் வருமுன் பெரிதாக இருமியது. பயந்து எழுந்து "அம்மா" என்று அலறினாள். யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் போய்த் தூக்கிக்கொண்டேன். அழுகை நின்றது. தோளில் அப்படியே தூங்கிப்போனாள். சாயங்காலம் வரை இறக்கிவிடாமல் நடந்துகொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு பேரையும் அம்மா என்கிறாள். "அந்த அம்மா எப்ப வரும்?" என்று கேட்கிறாள். அவங்க பாட்டி என்றேன். "இல்ல, உனக்குத் தெரியாது" என்றாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். அவளுக்கு உங்கள் வார்த்தைதான் வார்த்தை. அதனால் நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை. அது வரும்போது வரட்டும்.

பதினெட்டாம் தேதி எனக்கு விடுமுறை. ரயில் காலை பத்து மணிக்கு வருகிறது.

மருமகள்


பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். டீச்சர் எழுதுவதை அப்படியே நம்பாதே, அவள் இருமலைக் காய்ச்சல் என்பாள்.

பதினெட்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். பத்து நாள் இருப்பேன். பதினோராம் நாள் நீ இருக்கச் சொன்னாலும் கிளம்பிவிடுவேன், நானாகக் கிளம்பாவிட்டால் நீ கிளப்பிவிட வேண்டும்.

ஸ்டேஷனுக்கு அவளையும் கூட்டி வா. கூட்டத்தில் அவள் அம்மா என்று கூப்பிடுவாள். கூப்பிட்டதும் நீ திரும்பு. எனக்குக் கேட்கும். கேட்டாலும் நான் திரும்பமாட்டேன். அவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் சரி, சரியான பெயர் வாயில் வரும்வரை பெட்டியை இறக்குகிற மாதிரி குனிந்துகொண்டே இருப்பேன். முழங்கால் வலித்தால் வலிக்கட்டும்.

நீ நடுவில் புகுந்து எடுத்துக்கொடுக்காதே.

இப்படிக்கு,
சுண்டுவின் பாட்டி